வெடிப்புக்கு மண் போட்டவர்

வரிசை வீடுகளாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. மேலே திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் தலையணை வரைக்கும் மணக்கும். அவர்கள் வீட்டில் சண்டை வந்தால் நாங்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்போம். கேட்டதைக் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் தெரியும். அந்த நாகரிகம் லயத்தில் பிறந்தவர்களுக்குத்தான் வரும்.

ஏதாவது வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவோம். மெதுவாகத் தட்டினால், எழும்பியாச்சா என்று அர்த்தம். அழுத்தித் தட்டினால் வெளியே வா. விடாமல் தட்டினால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அப்படி விடாமல் தட்டியதால்தான் ஒருமுறை காய்ச்சலில் மயங்கிக் கிடந்த நான் பிழைத்தேன். நான் பதில் தட்டவில்லை என்பதை வைத்தே அவர் கதவை உடைக்கச் சொல்லிவிட்டார்.

மாத்தளைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணம் முடித்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். எனக்கென்று பிள்ளை இல்லை. அதைச் சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச்சில்லை.

என் வீட்டுக்காரர் கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைத்தண்ணீரை ஒதுக்கிவிட வெட்டும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். தோட்டத்தில் எங்கே மண் அரித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மம்பட்டியும் கையுமாகப் போய் தண்ணீரைத் திருப்பிவிட்டு, வெடித்த இடத்தில் களிமண் போட்டு மிதித்துவிட்டு வருவார். அதில் அவருக்குப் பெருமை. வீட்டில் ஒரு விளக்கைப் போடச் சொன்னால் சோம்பல் முறிக்கிற மனிதர், கான் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார்.

அந்தப் பெருமழை வந்தபோது எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. முதலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கோடு. நாங்கள் போட்டிருந்த போஞ்சிப் பாத்திக்கு நடுவே குறுக்காக ஓடியது. அடுத்த நாள் கை நுழைந்தது. சமைக்கிற குசினியின் சுவரிலும் அதே மாதிரி ஒரு கோடு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எங்கள் கதவில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டார்கள். இங்கே இனி யாரும் இருக்கக் கூடாது, மழை பெய்தால் மலையே இறங்கும் என்றார்கள். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு எல்லாரும் பாடசாலைக்குப் போனோம்.

பாடசாலையில் ஒரு நாள் எங்களைத் தேற்றுவதற்கென்று ஒரு பெண் வந்தார். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. மாற்றத்தை ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள், வளைந்து கொடுக்கிற மரம் முறியாது என்றார். ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, உங்களுக்குப் பலம் தருவது எதுவோ அதை வரையுங்கள் என்றார். நான் ஒரு சோற்றுப்பானை வரைந்தேன். அக்கா ஒன்றும் வரையாமல் கலர் பென்சிலைப் பேரனுக்காக இடுப்பில் சொருகிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் குனிந்து வெகுநேரம் வரைந்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் லயம், அதற்குப் பின்னால் மலை, மலையில் அந்த வெடிப்பு, வெடிப்பைச் சுற்றி ஒரு கான். தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தார். அந்தப் பெண், ஆகா, எவ்வளவு நம்பிக்கையான படம் என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். அது நம்பிக்கை இல்லை, வேலைத்திட்டம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பாடசாலை திறக்க வேண்டும் என்றதும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். அக்கா காம்பராச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு மகளிடம் கொழும்புக்குப் போனார். நாங்கள் அலுவிகாரையில், பெரிய வீதியோரமாக, ஒரு சிங்கள அம்மாவின் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு அறை எடுத்துக்கொண்டோம். புது வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கே, எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்குப் புது இடம் பிடித்துப்போனது என்று சொன்னால் பொய். தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகள் வீட்டையே ஆட்டிவிட்டுப் போகும். காலையில் எழும்பினால் எதிரே மலை இல்லை, டயர் கடை. ஆனாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் மிளகும் கராம்பும் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், வீட்டுக்காரம்மாவோடு பேசிப் பேசி இன்னும் நன்றாக வந்தது. அவர் என்னைத் தங்கச்சி என்று நங்கி என்பார், நான் அவரை அக்கே என்பேன். அக்கே என்று கூப்பிடும்போதெல்லாம் என் பழைய அக்காவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. கொஞ்ச நாளில் அதுவும் போய்விட்டது.

பழைய அக்கா போனில் குரல் அனுப்புவார். மகள் இருப்பது மாடி வீடு. போன புதிதில், உப்பு தீர்ந்துபோக, பழக்க தோஷத்தில் சுவரைத் தட்டிவிட்டாராம். பதில் வராததால் இன்னும் பலமாகத் தட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கோட்டும் சப்பாத்துமாக வந்து என்ன பிரச்சினை என்று கேட்டாராம். "உப்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு புள்ள. ஒண்ணுமில்ல, பல்லி அடிச்சேன்னு சொல்லிட்டேன்." சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றும் தண்ணீர் நிற்கவில்லை.

சிக்கல் என் வீட்டுக்காரரோடுதான். தோட்டத்தில் அவர் பெயர் இன்னும் இருந்தது. விடியும்போதே பஸ் ஏறி மேலே போய், பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து வேலை செய்வார். பெரட்டு என்பது காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கிற இடம். வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஆனால் அவர் வீட்டுக்கு வருவது பொழுது சாயும்போது. கால் முழுக்கக் களிமண். எங்கே போனீங்க என்றால், சும்மா அங்கேதான் என்பார். மழை பெய்த நாளில் இன்னும் பிந்தும்.

எனக்கா புரியாது? அவர் அந்த வெடிப்பை மூடிக்கொண்டிருந்தார். கீழே ஆற்றோரத்திலிருந்து சாக்கில் களிமண் சுமந்து போய் வெடிப்பில் கொட்டி மிதிப்பார். மேலே குறுக்காக ஒரு கான் வெட்டுவார். அடுத்த மழையில் வெடிப்பு கொஞ்சம் தள்ளி இன்னொரு வாயைத் திறக்கும். இவர் மறுபடி சாக்கை எடுப்பார். தேயிலை மலையில் இத்தனை வருடம் எந்த வெடிப்பும் அவருக்கு அடங்காமல் போனதில்லை. இதுவும் அடங்கும் என்றுதான் அவர் நினைப்பு. தேயிலைக்குக் கீழே அரிப்பது மேல்மண், இங்கே நகர்வது மலையின் வயிறு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

"நீ மொளகு பொறுக்கு. மண்ண பத்தி எனக்குச் சொல்லாத" என்றார் ஒரு நாள்.

"மண்ணுக்குள்ள போனப்பொறம் யாரு வந்து சொல்றது? நானா?" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஆனால் அன்று கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது. மழை இருட்டிக்கொண்டு வரும் ஒவ்வொரு முறையும் நான் அவரை மண்ணுக்குள் வைத்து, தோண்டி எடுத்து, அழுது முடித்துவிடுவேன். பொழுது சாயும்போது களிமண் காலோடு அவர் உயிரோடு வந்து நிற்பார். உடனே அவரைக் கொல்லலாம் போல இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் கடையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தபோது வானம் உடைந்த மாதிரி மழை கொட்டியது. போனில் எச்சரிக்கை வந்தது. சரிவான இடங்களை விட்டு விலகுங்கள் என்று மூன்று மொழியிலும். அவருக்குப் போன் அடித்தேன். லயத்தில் சிக்னல் கிடையாது. முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது, ரோட்டில் மண் விழுந்திருக்கிறது என்றார்கள். மீதியை நடந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முருகனிலிருந்து மாத்தளை மாரியம்மன் வரை ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே நடந்தேன்.

லயம் அப்படியே நின்றது. முன்பக்கத்து இஸ்தோப்பில் யாரும் இல்லை. பின்பக்கம் போகப் பயமாக இருந்தது. வாசலில் நின்று கத்தினேன். தகரத்தில் விழுகிற மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எங்கள் காம்பராவின் பூட்டு திறந்திருந்தது. உள்ளே போனேன். ஒழுகி ஒழுகித் தரை சேறாகிவிட்டிருந்தது. குசினிச் சுவரில் இருந்த வெடிப்பு வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஆள் இல்லை.

என்ன செய்வது என்று தெரியவில்லை. கை தானாகப் போய் அக்கா வீட்டுச் சுவரைத் தட்டியது. தட்டிய பிறகுதான், அக்கா கொழும்பில் இருக்கிறார், பைத்தியம் என்று எனக்கே உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை, விடாமல் தட்டினேன்.

அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வந்தது. மெதுவாக, எழும்பியாச்சா என்கிற மாதிரி.

அவர் அக்காவின் காம்பராவில், ஒழுகாத ஒரு மூலையில், மம்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை விட்டதும் கானைத் திறந்துவிட வேண்டும் என்று காத்திருந்தாராம்.

"நீ ஏன் வந்த?" என்றார்.

"வாங்க போவோம்."

"கான் அடைச்சிருக்கும். நான் போனா தண்ணி வெடிப்புக்குள்ள எறங்கிரும். நீ போ, நான் வாறேன்."

நான் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில், ஈரத்தரையில், சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "என்ன புள்ள பண்ற?" என்றார். "ஒண்ணுமில்ல. மலை எறங்குனா ரெண்டு பேருமா போவோம். தனித்தனியா தோண்டுறது அவங்களுக்கும் கஷ்டம்" என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன். பின்னால் எங்கேயோ கல் உருளும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெரட்டுக் களம் வரைக்கும் கையை விடவில்லை. மம்பட்டியை மறந்துவிட்டு வந்திருந்தார்.

இங்கேதான் என் கஷ்டம். மலை இறங்கவில்லை.

மழை விட்டது, வெயில் வந்தது, லயம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அங்கேயே இருந்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு, மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, "நிக்குது பாத்தியா. கான் வெட்டுனதாலதான் நிக்குது" என்றார். அந்த லயத்தில்தான் என் அம்மா என்னைப் பெற்றாள், அந்த வாசலில்தான் மணமேடை போட்டார்கள். அது விழுந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். உள்ளே யாரும் இல்லாத ஒரு நேரத்தில், சத்தமில்லாமல், தரைமட்டமாக விழுந்துவிட வேண்டும். பிறந்த வீடு விழ வேண்டும் என்று கோயிலில் கைகூப்பி நின்றவள் இந்த மாத்தளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அது விழவில்லை. ஆகவே நான் தோட்டத்து ஒபீசுக்குப் போனேன்.

ஆள் இல்லாத லயங்களின் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று தோட்டத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. எங்கள் ஆட்கள்தான் விடவில்லை. அதில் நியாயம் இருந்தது. புது வீடு வாயளவில்தான் இருக்கிறது. கூரை இருக்கும்வரை அது வீடு, அந்த விலாசம் எங்களுடையது. கூரையைக் கழற்றிவிட்டால் வெறும் சுவர். நாளைக்கு, நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் எதைக் காட்டுவது? இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. கூட்டத்தில் நானே எழுந்து, கழற்ற விடமாட்டோம் என்று பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அக்காவுக்கு மட்டும் முதலில் போன் எடுத்தேன். அவர் காம்பராவில்தானே இவர் ஒதுங்குகிறார்; இரண்டு கூரையும் போனால் இவர் காப்பாற்றவும் ஒதுங்கவும் அங்கே ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் சொன்னேன். "எங்களுதையும் கழட்டச் சொல்லு" என்றார். "தகரம் போனா போகுது. தம்பி உசுரு போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

தோட்டத்து மேலாளரான தொரை என்னைப் பார்த்ததும் எதற்கோ சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "நெசமாவா சொல்றீங்க? பொறகு ஆள் சேத்துக்கிட்டு வந்து கத்தக் கூடாது" என்றார். கத்தமாட்டேன் என்றேன். மற்றவர்கள் காம்பராவைத் தொட வேண்டாம், பூட்டியபடி இருக்கட்டும், அந்த இரண்டு மட்டும் என்றேன். வெளியே வந்து ஒபீஸ் படியில் உட்கார்ந்தேன். வளைந்து கொடுக்கிற மரம் முறியாது என்று சொன்ன அந்தப் பெண் நினைவுக்கு வந்தார். நான் வளைந்துவிட்டேன், அம்மா. வளையாத ஒருவரை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லித்தரவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் அன்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, வெடிப்பில் இப்போது புல் முளைத்திருக்கிறது, புல் பிடித்தால் மண் நிற்கும் என்று சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி முகம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். காலில் களிமண் இல்லை. கையிலும் சட்டையிலும் துரு. விரலில் தகரம் வெட்டிய காயம், துணி கிழித்துக் கட்டியிருந்தார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"நான்தாங்க சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"பெரட்டுல தொரை கேட்டாரு. அந்த லயத்து அம்மாவே வந்து சொல்லிட்டாங்க, தகரம் கழட்ட யாரு போறீங்கன்னு. ஒருத்தனும் வாயத் தொறக்கல. எல்லாரும் என்னையே பாத்தானுங்க." வாளியில் கையைக் கழுவினார். தண்ணீர் சிவந்தது, துருவா இரத்தமா என்று தெரியவில்லை. "நான்தான் போறேன்னேன். வேற எவனும் ஏறி நம்ம வீட்ட ஒடைக்கக் கூடாது."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். நாள் முழுக்க மிளகு பொறுக்கிக்கொண்டே பதில்களையும் பொறுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் பயன்படவில்லை.

"ஆணி எல்லாம் நல்ல ஆணி" என்றார். "நான் அடிச்சது. வரமாட்டேன்னுச்சு."

காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். கையைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பால் இல்லாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எறங்குறதுக்கு முன்னாடி சொவத்தத் தட்டிப் பாத்தேன் புள்ள" என்றார். "கூரை இல்லாட்டி சத்தமே வரல. அப்படியே மேல போயிருது."

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அழவில்லை. அந்தச் சுவரை இனி யாரும் தட்ட முடியாது என்பதற்காக அழுதேன். என்னைப் பிழைக்க வைத்த சுவர் அது. நான்தான் அதன் தலையை எடுக்கச் சொன்னேன், இன்னொரு முறை கேட்டாலும் எடுக்கத்தான் சொல்வேன்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா முன்பக்கத்திலிருந்து, கொடியில் துணி கிடக்கிறது நங்கி என்று கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம் கேட்டால் அவர் கண் முதலில் மம்பட்டி இருக்கும் மூலைக்குப் போகும், பிறகு வாசலுக்குப் போகும். இத்தனை மாதமாக அப்படித்தான்.

அவர் மழையைக் கேட்டார். ஆறிப்போன சாயத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு எழுந்து போய், கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்தார்.